அப்பாவின் கூரையில்லா அறைகள்

எங்கள் அப்பாவுக்கு எத்தனை படுக்கையறைகள் என்று யாராவது கேட்டால், நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சீசனுக்குச் சீசன் மாறும். பச்சைச் சுவர் வைத்த அறை ஒன்று, நீல அறை ஒன்று, கப்பல் படம் போட்ட திரைச்சீலையோடு குழந்தைகள் அறை ஒன்று, புதுசாகக் கல்யாணமானவர்களுக்கென்று ரோஜா நிறத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் விளக்கு எரியும். தலையணைகள் அப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்ட மாதிரி புடைத்திருக்கும். எந்த அறைக்கும் கூரை மட்டும் கிடையாது.

அப்பா பர்னிச்சர் கடையில் வேலை பார்க்கிறார். கடை என்றால் தெருமுனைக் கடை இல்லை. கொட்டகை. உள்ளே ஒரு சின்ன ஊரையே குடிவைக்கலாம். அதற்குள் பலகைச் சுவர் எழுப்பி மாதிரி அறைகள் கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஆசையை அறை அறையாகத் தீர்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த அறைகளை வீடு மாதிரி ஆக்கி வைப்பதுதான் அப்பாவின் வேலை. நாற்காலியை மேசையிலிருந்து ஒரு சாண் இழுத்து விடுவார். ஒரு புத்தகத்தைத் திறந்து குப்புறக் கவிழ்ப்பார். கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பை வைத்து, ஒன்றை மட்டும் லேசாகக் கோணலாக்குவார்.

"இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி இருக்கணும், வாலு," என்பார் என்னிடம். "அப்பதான் வர்றவங்களுக்கு உக்காரத் தோணும்."

வாலு நான்தான். பள்ளிக்கூடத்தில் என்னைப் பாதி வேகவைத்து இறக்கி வைத்திருக்கிறார்கள், மீதி எப்போது என்று தெரியவில்லை. அப்பாவை இந்த ஊரில் நம் மொழி பேசுகிறவர்கள் எல்லோரும் மெத்தை அண்ணன் என்று கூப்பிடுவார்கள்.

அவர் மெத்தை மாதிரிதான். யார் எங்கே அமுக்கினாலும் உள்ளே போய்விட்டு, கையை எடுத்ததும் பழையபடி ஆகிவிடுவார். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் எதைப் பேச ஆரம்பித்தாலும் எங்களைப் பற்றிப் பேசித்தான் முடித்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் எவ்வளவு இருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு வருகிறார்கள், எப்போது போவார்கள். வீட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீரைப் பற்றித்தான் அப்படிப் பேசுவார்கள், எவ்வளவு உயரம், எப்போது வடியும் என்று. முன்பெல்லாம் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொடுத்த குடியிருப்பு அட்டையை இப்போது வருஷா வருஷம் போய் வாங்க வேண்டும் என்றார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம்.

ஒரு நாள் பஸ்ஸில் ஒரு அம்மாள் போனில் தன் மொழியில் பேசிக்கொண்டு வந்தாள். எங்கள் மொழி இல்லை, வேறு ஏதோ. பின் இருக்கையிலிருந்து ஒருவன் எழுந்து, "இங்க வாயத் தொறந்தா எங்க பாஷையில தொற, இல்லன்னா இறங்கு," என்று கத்தினான். பஸ்ஸே ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. அந்த அம்மாள் இறங்கிவிட்டாள். அப்பாவும் நானும் அதே பஸ்ஸில்தான் இருந்தோம். அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறினால் அப்பா ஷட்டர் இறக்கிய கடை.

வீட்டிலாவது பேசலாமென்றால் அதுவும் இல்லை. கீழ்த்தளத்துக்காரருக்கு எங்கள் மொழி காதில் விழுந்தால் போதும், கம்பை எடுத்து மேலே இடிப்பார். நான் ஒருமுறை அவர்களுடைய தேசியப் பாட்டையே தொண்டை கிழியப் பாடினேன். இடிப்பதா, எழுந்து நிற்பதா என்று மனுஷன் திண்டாடியிருக்க வேண்டும். பாட்டு முடிகிற வரைக்கும் கீழே மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைத் திட்டினார்.

இதில் வேடிக்கை, அதுவரை அப்பாவுக்கு ஊர் ஞாபகமே கிடையாது. ஊரில் பெரியப்பா இருக்கிறார், அப்பாவுக்கு ஒரே அண்ணன். மாவு மில் வைத்திருக்கிறார். கிளம்பும்போது அப்பா பெரிய தோரணையாக, "இந்த வீட்டுல எனக்கு ஒரு செங்கல் வேணாம், நீங்களே வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு வந்தவர். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு போன், அதிலும் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" தான். அப்படிப்பட்ட மனுஷர் இந்த ஒரு வருஷத்தில் ஊரைத் திரும்பத் திரும்பப் பேச ஆரம்பித்தார். அங்கே மாடியில் ஒரு அறை இருக்கிறதாம். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் படுத்த அறை. அந்த அறையைப் பற்றி இவர் முணுமுணுப்பதைக் கேட்டால் நமக்கே தூக்கம் வரும். அவ்வளவு மெதுவாக, இருட்டில் சுவரைத் தடவித் தடவி நடக்கிறவர் மாதிரிப் பேசுவார்.

அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "ஏங்க, நாளைக்கே போன்னு சொல்லிட்டா எங்க போய் நிப்போம்?"

அதற்கு அப்பாவிடம் இருந்த பதில் அந்த மாடியறை ஒன்றுதான். ஆனால் அதை அண்ணனிடம் கேட்க வேண்டும். ஒரு செங்கல்கூட வேண்டாம் என்று சொன்ன வாயால்.

பேச இடம் வேண்டுமே? கடை திறப்பதற்கு முன்னால் அறைகளை ஒழுங்குபடுத்த அப்பா சீக்கிரமே போய்விடுவார். அந்த நேரத்தில் கொட்டகை முழுக்க அவர் ஒருவர்தான். பச்சை அறையின் நாற்காலியில் உட்கார்ந்து பெரியப்பாவுக்குப் போன் போட்டார். கை தவறி வீடியோ அழுத்திவிட்டார். திரையில் பெரியப்பா புருவமெல்லாம் மாவாக வந்து நின்றார். நின்றவர் கண்ணை அகல விரித்தார்.

"டேய்! என்னடா ரூம் இது! அரண்மனை மாதிரி இருக்கு!"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு நேரம்தான். அப்பா அந்த மூச்சை இழுத்தார், விட்டார், "ஏதோ இருக்குண்ணா," என்றார்.

அதோடு முடிந்தது கதை. இல்லை, ஆரம்பித்தது. மறுநாள் நீல அறையிலிருந்து பேசினார். அடுத்த நாள் ரோஜா அறை. பெரியப்பா ஒவ்வொரு அறையாக எண்ணி, மில்லுக்கு மாவரைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, என் தம்பி வீட்டில் ஆளுக்கு இரண்டு அறை என்று தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருப்பது ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது, பள்ளிக்கூடம் என்னை ஒரு வாரம் வெளியே நிறுத்துகிற வரைக்கும். ஆசிரியர்கள் அறைப் பலகையும் கழிப்பறைப் பலகையும் இடம் மாறியிருந்ததற்கு என்னைக் காரணம் காட்டிவிட்டார்கள். என்னைத் தனியாக வீட்டில் விட்டால் வீடு இருக்காது என்று அம்மா சொன்னதால் அப்பா கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தக் காலை நேரத்தை நான் மறக்க மாட்டேன். உயரத்தில் இருந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் தூசியோடு இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா அறை அறையாகப் போய் விளக்கைப் போட்டார். அவர் போட்ட ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வீடு முளைத்தது. மாதிரி அறைகளில் ஜன்னலும் உண்டு. திரைச்சீலைக்குப் பின்னால் பலகைதான், நடுவில் மஞ்சள் விளக்கு ஒன்று. அதனால் அந்த ஜன்னல்களுக்கு வெளியே எப்போதும் சாயங்காலம். காலை வேளையில் அத்தனை சாயங்காலங்களுக்கு நடுவில் அப்பா செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனதைப் பார்த்தபோது, இவர் இங்கே வேலை பார்க்கிறாரா, யாரையாவது எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பிறகு நீல அறையில் போய் உட்கார்ந்து போன் போட்டார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம், திரையில் விழாத இடத்தில்.

"என்னடா, இன்னிக்கு நீலமா?" என்றார் பெரியப்பா. பின்னால் மில் ஓடுகிற சத்தம். "ஆமா, அங்க ஏதோ வெளியிலேர்ந்து வந்தவங்களைத் துரத்துறாங்கன்னு டிவியில காட்டுறானே?"

"அதெல்லாம் சும்மாண்ணா. நமக்கென்ன."

"அதானே. இவ்வளவு பெரிய வீடு வெச்சிருக்கிறவனை எவன் துரத்துவான்."

நான் கட்டிலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா முகத்தில் சிரிப்பே இல்லை. கப்பல் முழுகுகிற முகம்.

"அண்ணா, சும்மாதான் கேக்கிறேன். மாடியில நம்ம ரூம் காலியாத்தானே இருக்கு?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதாண்ணா."

"ஒரு வாத்தியார் கேட்டுட்டு இருக்காரு. தனி ஆள், தொந்தரவு இல்ல. வர்ற திங்கக்கிழமை சாமானோட வர்றேன்னுட்டாரு."

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்தார். "அத... அத வாடகைக்கு விடாம இருந்தா?"

"விடாம? பூட்டி வெச்சு எலிக்குக் குடுக்கவா?" பெரியப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "ஒரு செங்கல் வேணாம்னவன் நீ. உனக்குத்தான் கலர் கலரா ரூம் கெடக்கே. என்கிட்ட இருக்கிற ஒரு ரூம் மேலதானா உனக்குக் கண்ணு? சரி, வீட்டுல கேட்டு நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் கடையில் தள்ளுபடி விற்பனை. கதவை வழக்கத்தைவிட முன்னாடியே திறந்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் பெரியப்பாவின் அழைப்புக்காக ரோஜா அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. பெரியப்பா வந்தார். அதே நேரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அறைக்குள் வந்தார்கள். வந்தவர் நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து எம்பி எம்பிக் குதித்துப் பார்த்தார்.

"டேய், பின்னால யாருடா அது? உன் கட்டில்ல குதிக்கிறான்!"

"தெ... தெரிஞ்சவங்கதாண்ணா."

"தெரிஞ்சவங்களா? ஷூவைக் கழட்டிட்டுப் படுக்கிறான்டா! அந்தம்மா உன் பீரோவைத் தொறக்குது பாரு!"

அந்தப் பெண்மணி பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள். போனுக்கு நேராகப் பீரோ திறந்து கிடந்தது. ஒரு துணி இல்லை. ஒரு ஹேங்கர்கூட இல்லை.

"பீரோ காலியா இருக்கேடா," என்றார் பெரியப்பா. குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது. "டேய், தம்பி. ஏன்டா காலியா இருக்கு?"

அப்பா எழுந்தார். "ஒரு நிமிஷம்ணா," என்று போனை முகத்திலிருந்து திருப்பி, வெளிப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். அறையின் ஓரத்துக்குப் போனார். சுவர் அங்கே முடிந்துவிடும். அந்தப் பக்கம் வர்ணம் பூசாத பலகை, முட்டுக்கொடுத்த கட்டை, விழாமல் இருக்க மணல் மூட்டை, தொங்குகிற ஒயர். ஜன்னலின் பின்பக்கம் போய் அந்த மஞ்சள் விளக்கைக் காட்டினார். போனை மேலே தூக்கிக் கூரை இல்லாததைக் காட்டினார். தூரத்தில் இரும்புச் சட்டங்கள், அதற்கும் மேலே தகரம். பிறகு வரிசையாக நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"இது பச்சை ரூம். இது நீல ரூம். இந்தக் கப்பல் படம் போட்டது நம்ம வாலுவோட ரூம்னு நீங்களா சொல்லிக்கிட்டது. எல்லாம் கடைண்ணா. இங்க நான் வேலைக்காரன். எங்களுக்கு இருக்கிறது ஒரு ரூமும் அடுப்படியும், அதுவும் வாடகை. டிவியில காட்டுறது எல்லாம் நெஜம். இந்த வருஷம் அட்டை குடுப்பாங்களான்னு தெரியல. போன்னா போறதுக்கு எனக்கு ஒரு இடம் வேணும். வாத்தியாருக்குக் குடுத்துடாதீங்கண்ணா."

திரையில் பெரியப்பா கையை நீட்டி மில்லை நிறுத்தினார். 

"தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேனேடா," என்றார். அதோடு திரை அணைந்தது.

அப்பா போனைப் பையில் போட்டார். ரோஜா அறைக்குத் திரும்பிப் போய், கட்டிலில் படுத்திருந்தவரிடம் அவர்கள் மொழியில், மெத்தை பிடித்திருக்கிறதா ஐயா, இன்னும் கொஞ்சம் கெட்டியானதும் இருக்கிறது என்று பணிவாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அம்மாவிடம் அவரே சொன்னார். அம்மா சீறுவாள் என்று நான் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"எந்த ரூம்ங்க உங்களுக்குப் பிடிச்சது?" என்றாள்.

"நீலம்," என்றார் அப்பா, வெட்கப்பட்டுக்கொண்டு.

"எனக்கும் ஒரு நாள் காட்டுங்க," என்று எழுந்து போய்விட்டாள். அடுப்படியிலிருந்துதான் திட்டு வந்தது. "பெருமை! அந்தப் பெருமையைப் போட்டு ஒரு பீரோவை நிரப்பியிருந்தா மாட்டிக்காமலாவது இருந்திருப்பீங்க!" கீழ்த்தளத்துக்காரர் இடித்தார். அம்மா பதிலுக்குத் தரையில் ஒரு மிதி மிதித்தாள்.

பெரியப்பாவிடமிருந்து போன் இல்லை. அப்பா இரண்டு முறை போட்டார், எடுக்கவில்லை. கடையில் அவர் வைக்கும் செருப்புகள் நேர்நேராக நின்றன. நானே போய்க் கோணலாக்கி வைத்தேன். அந்த வாத்தியாருடைய நம்பர் மட்டும் கிடைத்திருந்தால், மாடியில் பேய் உலாவுவதாக என் சொந்தக் குரலிலேயே சொல்லியிருப்பேன். கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் வாத்தியார் சாமானோடு வந்து இறங்குவார். அப்பா போனை மேசையில் குப்புறப் போடுவதும், எடுத்துப் பார்ப்பதும், மறுபடி போடுவதுமாக இருந்தார்.

மத்தியானம் அது அடித்தது.

திரையில் முகம் இல்லை. படிக்கட்டுகள் ஆடி ஆடி ஏறிக்கொண்டிருந்தன. மூச்சிரைப்பு. பிறகு பெரியப்பா.

"வாத்தியாரை வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

"அண்ணா..."

"பேசாத. எனக்கு இன்னும் கோபம் போகல. அந்தக் கடையைக் காட்டி ஏமாத்தினதுக்கு இல்லடா. ஒரு ரூமைக் கேக்கிறதுக்கு ஒரு ஊரையே சுத்தி வந்தே பாரு, அதுக்கு." பக்கவாட்டில் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். மாவு விழுந்திருக்கும். "இந்தா, பாத்துக்க. உன் கடை மாதிரி இருக்காது."

கதவைத் தள்ளினார். மாடியறை திரைக்குள் வந்தது. காலிச் சாக்குகள், இறக்கை உடைந்த மின்விசிறி, சுவரில் ஈரம் படிந்த ஒரு பெரிய கறை, ஜன்னலில் நிஜ வெயில்.

"கூரை இருக்குல்லண்ணா?"

"இருக்கு. ஒரு மூலையில ஒழுகும்."

"போதும்ணா," என்றார் அப்பா. "நீளம் அகலம் சொல்லுங்க."

பெரியப்பாவிடம் அளவு நாடா இல்லை. போனைச் சாக்கின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட வைத்துச் சுவரோரமாக நடந்தார். எண்ணிக்கை தவறி, "பேச்சுக் குடுக்காதடா" என்று பேசாமல் இருந்த அப்பாவைத் திட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்பா தன் காலைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே அளவுச் செருப்பாம்.

கடையில் புது அறை கட்டுவதற்கு முன்னால், சுவர் எங்கே வரும், கதவு எங்கே வரும் என்று தரையில் நாடா ஒட்டிப் பார்ப்பார்கள். அப்பாவின் வேலைப் பையில் வெள்ளை நாடா எப்போதும் இருக்கும். போனை வைத்ததும் அவர் மேசையை ஓரமாகத் தள்ளினார். அம்மாவின் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தார். பெரியப்பா நடந்த மாதிரியே அடிமேல் அடி வைத்து நடந்து, எங்கள் வீட்டுத் தரையில் அந்த மாடியறையை ஒட்ட ஆரம்பித்தார். கதவுக்கு ஒரு இடைவெளி விட்டார். ஒழுகுகிற மூலைக்கு ஒரு பெருக்கல் குறி. அகலம் சரியாகப் பொருந்தியது. நீளம்தான் பத்தவில்லை. அறையின் கடைசி முழம் எங்கள் சுவரைத் தாண்டி வெளியே போனது, தெருவுக்கு மேலே அந்தரத்தில்.

"ஜன்னல் அங்கதான் வரும்," என்று அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். நான் எங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே பஸ் போய்க்கொண்டிருந்தது.

அம்மா டீயோடு வந்தாள். நாடாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதன் மேலேயே காலை வைத்தாள்.

"அங்க சுவர்," என்றார் அப்பா.

"சுவராம் சுவர்."

"கதவு இந்தப் பக்கம் இருக்கு பாரு."

அம்மா அவரையே பார்த்தாள். அட்டைக்கு எழுதிப்போட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வருமா, வராதா, அந்த அறைக்குப் போவோமா, இங்கேயே இருப்போமா, ஒன்றும் தெரியாது. அவள் காலைப் பின்னால் எடுத்து, டீ சிந்தாமல் சுற்றிக்கொண்டு போய், இடைவெளி வழியாக உள்ளே வந்தாள்.

"அடுப்பு எங்க வைக்கிறது?" என்றாள்.

அதில் வெகு நேரம் போனது. ஒழுகும் மூலை எனக்கு வேண்டும் என்றேன், மழை வந்தால் முதலில் தெரியும் என்று. அம்மா கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். அப்பா எங்கே எதை வைப்பது என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் தலை வைத்துத் தரையில் நீட்டிப் படுத்தார். பேச்சு நடுவிலேயே நின்றது. பார்த்தால், வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிவிட்டார்.

அம்மா உதட்டின் மேல் விரலை வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து, நாடாவில் விட்டிருந்த கதவு வழியாக வெளியே வந்தோம்.